நிரந்தர விருந்தாளி

கல்யாணமாகி மூன்று மாதம் ஆன பிறகும் அந்த வீடு சுடர்விழியை வழிதவறி வந்தவளைப் போலத்தான் நடத்தியது.

வடவள்ளியில் இருந்த அந்த வீட்டு வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கிடையாது. இணையத்தை வீடு முழுக்கப் பரப்புகிற வைஃபை அலை, மனித உடம்பின் மேலும் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொருவரின் நடையும் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அந்த அலையை ஒவ்வொரு விதமாகக் கலைக்கும். அதை வைத்தே ஆளை அடையாளம் காணலாம் என்று கண்டுபிடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அப்படி ஆளை அறியும் பெட்டி ஊரெல்லாம் வந்துவிட்டது. பாஸ்வேர்டு வேண்டாம், கைரேகை வேண்டாம். நடந்து வந்தால் போதும், கதவு திறக்கும், விளக்கு எரியும், அடுப்பு வேலை செய்யும்.

அவள் கணவன் தரணீஷ் வேலையிலிருந்து வந்து படியேறினால், "வாங்க தரணீஷ்" என்று கதவு திறக்கும். அவன் அம்மா ருக்குமணி கோயிலுக்குப் போய் வந்தாலும் அப்படியே. சுடர்விழி வந்து நின்றால் மட்டும் உள்ளே ஒரு மணி அடிக்கும். "விருந்தாளி வந்திருக்காங்க" என்று கூடத்தில் ஒரு குரல் கேட்கும். ருக்குமணி எழுந்து வந்து, மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திறந்துவிடுவாள்.

"உன் நடை இன்னும் பதியல சுடர். அது மெல்லத்தான் கத்துக்கும்" என்று தரணீஷ் சொன்னான். அவளைக் கூடத்தில் மேலும் கீழும் நடக்கச் சொன்னான். புடவையில் நடந்தாள், நைட்டியில் நடந்தாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டுகூட நடந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பெட்டி மட்டும் அசையவில்லை.

அவளுக்கு முதலில் அது பெரிதாகப் படவில்லை. தரணீஷின் பெரியம்மா மகன் மிதுன் பெங்களூரிலிருந்து வந்து தங்கியபோதுதான் உறுத்தியது. வந்த மறுநாள் மாலை அவன் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினான். கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த சுடர்விழியின் காதில் கணீரென்று விழுந்தது: "வாங்க மிதுன்."

நாரை விட்டுவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். ருக்குமணி தலை குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சந்தேகப்படுவதற்குச் சுடர்விழிக்குக் காரணம் இருந்தது. அவள் நெல்லிக்குப்பத்துப் பெண். இந்த வீட்டார் வாயால் சொல்லத் தயங்குகிற சாதி. பதிவாளர் அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு ருக்குமணி வரவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, வேறு ஆள் இல்லாமல் தானே ஆரத்தி எடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்காமல் எடுத்தாள். அதன் பிறகு முதல் சில வாரம் சுடர்விழி தம்ளர்களைக் கவனித்தபடியே இருந்தாள். தனக்கென்று ஒன்றை ஒதுக்குகிறார்களா, தான் தொட்ட பாத்திரத்தை மறுபடி கழுவுகிறார்களா என்று. அப்படி எதுவும் இல்லை. ஒரே குண்டாவிலிருந்துதான் மூன்று பேருக்கும் சோறு. தம்ளரில் காட்டாததைப் பெட்டியில் காட்டுகிறார்களோ என்ற நினைப்பு, மிதுன் வந்துபோன பிறகு அவளை விடவில்லை.

பீளமேட்டில் அவள் வேலை பார்த்த ஆயத்த ஆடை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் பெனாசிர். மதியச் சாப்பாட்டின்போது சுடர்விழி அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு மாசமா கத்துக்குதா?" பெனாசிர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். "எங்க வீட்டுப் பெட்டி பூனையையே மூணு நாள்ல கத்துக்கிச்சு. உன்னைக் கெஸ்ட் நெட்வொர்க்ல போட்டு வெச்சிருக்காங்கடி."

"அப்படின்னா?"

"நம்ம ஆபீசுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வைஃபை குடுக்கறோமே, அது. பெட்டி ஒண்ணுதான், அலையும் ஒண்ணுதான். நடுவுல ஒரு சுவர் மட்டும் இருக்கும். அவங்க மெயில் பாக்கலாம், வீடியோ பாக்கலாம். நம்ம கம்ப்யூட்டர், பிரிண்டர் எதையும் தொட முடியாது. அப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. உங்க வீட்டுல நீ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க."

"யாராவது வெளியாள் உள்ள புகுந்து இப்படி மாத்தியிருந்தா?"

"உங்க வீட்டு அலை தெரு வரைக்கும் போகும், அது நிஜம். ஆனா அதுல போறதெல்லாம் பூட்டுன பொட்டலம். வைஃபை பாஸ்வேர்டு தெரியாதவன் கையில கிடைச்சா வெறும் இரைச்சல்தான். வெளியாள் இல்ல சுடர். உள்ளாள்தான்."

சுடர்விழி டிபன் டப்பாவை மூடினாள்.

"அதுவும் எல்லாராலயும் முடியாது" என்றாள் பெனாசிர். "வைஃபை பாஸ்வேர்டு வேற, அட்மின் பாஸ்வேர்டு வேற. முதல்ல சொன்னது வீட்டுக்குள்ள வர்றதுக்கு. அட்மின்ங்கறது வீட்டையே இடிச்சுக் கட்டறதுக்கு. யார் குடும்பம், யார் விருந்தாளின்னு அட்மின்தான் சொல்ல முடியும். உங்க வீட்டுல யாரு?"

"அத்தை பேர்லதான் இருக்கு. மாமா இருக்கறப்ப வாங்கினது."

"அப்புறமென்ன" என்று பெனாசிர் தண்ணீர் குடித்தாள். "பெட்டிக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனிக்காரன் குடுத்த அட்மின் பாஸ்வேர்டு அதுல இருக்கும். வாங்கின உடனே மாத்திருங்கன்னு அங்கயே எழுதியிருப்பான். பத்துல எட்டு வீட்டுல மாத்தறதில்ல."

அன்று மாலை தரணீஷிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். தனியாக இருக்கும்போது அவள் அவனை நீ என்பாள், அத்தை முன்னால் நீங்க.

"உன்னைக் குடும்பத்துல சேக்கச் சொல்லி அத்தைகிட்ட நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

"எப்பவாவதா? தினமும் கேக்கறேன். சேத்தியாச்சுங்கறாங்க, பெட்டி எடுக்க மாட்டேங்குதுங்கறாங்க." அவன் எரிச்சலோடு செல்போனைத் தள்ளி வைத்தான். "நீ உள்ள வந்தாத்தானே எனக்கும் நிம்மதி."

அவனாவது தன் பக்கம் இருக்கிறானே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. சந்தேகம் முழுக்க அத்தையின் மேல் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு ருக்குமணி செய்வதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. தினமும் சாயங்காலம் அவள் கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். துவைக்க எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டாரோடு சுவருக்கு மேலாகத் தன்னைப் பற்றிப் பேசுகிறாளோ என்று சுடர்விழி சமையலறை ஜன்னலில் நின்று காது கொடுத்தாள். பேச்சு எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பதும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கிருத்திகை அன்று ருக்குமணி மருதமலைக்குப் போனாள். சுடர்விழி விடுப்பு எடுத்திருந்தாள். மாமியாரின் அறையில் மர பீரோவுக்கு மேல் அந்தப் பெட்டி இருந்தது. முக்காலியைப் போட்டு ஏறி, பெட்டியைத் திருப்பினாள். தூசிக்கு அடியில் ஸ்டிக்கர். செல்போனில் அட்மின் பக்கத்தைத் திறந்து அந்த எழுத்துகளை அப்படியே தட்டினாள். மாற்றவே இல்லை. திறந்துவிட்டது.

அவள் பெயர் அங்கே இருந்தது. நிலை: விருந்தாளி. காலம்: நிரந்தரம். அவள் இந்த வீட்டில் கால் வைத்த அன்று மாலை ருக்குமணியின் செல்போனிலிருந்து அதைச் செய்திருந்தார்கள்.

காது மடல் சூடேறியது. கோபமா அவமானமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நிரந்தரம் என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு விருந்தாளி என்பதை அழித்துக் குடும்பம் என்று மாற்றினாள். அத்தை திரும்பவும் கை வைக்கக் கூடாது என்று அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினாள். முக்காலியிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வந்தபோது விளக்கு தானாக எரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மாலையில் தரணீஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா செய்த காரியத்துக்கு அவன் கொதிப்பான், குறைந்தது போய் ஏன் என்றாவது கேட்பான் என்று நினைத்தாள். அவன் செல்போனைக் கையில் எடுத்தான்.

"புது பாஸ்வேர்டு என்ன?" என்றான்.

சொன்னாள். புருஷன்தானே.

இருட்டுவதற்குள் ருக்குமணி மலையிலிருந்து வந்தாள். விபூதிப் பொட்டலத்தை நீட்டியபடியே, சமையலறைக்குள் போன சுடர்விழிக்காக விளக்கு எரிவதைக் கண்டாள். கை அப்படியே நின்றது.

"ஆரு சேத்தினது?"

"நான்தாங்க அத்தை. நீங்க போட்டு வெச்சிருந்ததைப் பாத்தேன்."

"அவன்கிட்டச் சொல்லிப்போட்டியா?"

"சொன்னேங்க. பாஸ்வேர்டும் குடுத்துட்டேன்."

ருக்குமணி அவளை முதல் முறையாக நேராக முகத்தில் பார்த்தாள். "செரி கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அன்று சாப்பிட வரவில்லை. தோற்றுப்போன ஆத்திரம் என்று சுடர்விழி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முழுக்க அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கதவு பெயர் சொல்லி அழைத்தது. அவள் அடுப்படிக்கு வந்தால் புகைபோக்கி ஓடத் தொடங்கியது. கண் அசந்தால் மின்விசிறி வேகத்தைக் குறைத்தது. தரணீஷ் அவளை அக்கறையோடு விசாரித்தான். இரவில் இரண்டு முறை எழுந்தாயே, வயிறு சரியில்லையா என்றான். மாடியில் வெகுநேரம் நின்றிருக்கிறாயே, வெயில் ஆகாது என்றான். நான் நின்றது உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவன் செல்போனைப் பார்த்தான்.

"செவ்வாக்கெழமை சாயங்காலம் உனக்கு நெஞ்சு பயங்கரமா ஓடியிருக்கு. ஓடிப்போய் மாடி ஏறினவ மாதிரி. ஆனா நீ கட்டில்ல உக்காந்திருக்க. யாருகூடப் பேசிட்டு இருந்த?"

சுடர்விழி சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அம்மாகூட."

"உங்கம்மாகூடப் பேசினா இப்படியா அடிக்கும்?"

அம்மாவோடுதான் பேசினாள். அப்பா கோயம்புத்தூர் வந்து மகளைப் பார்க்க ஆசைப்படுகிறார், எப்போது வரலாம் என்று அம்மா கேட்டாள். இந்த வீட்டில் அப்பாவை எங்கே உட்கார வைப்பார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று சுடர்விழிக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், இப்போது வேண்டாம் என்று பெற்ற தாயிடம் பொய் சொன்னாள். அப்போதுதான் நெஞ்சு அப்படி அடித்தது. அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

"அம்மாதான்" என்றாள் மறுபடியும்.

தரணீஷ் செல்போனை அவள் பக்கம் திருப்பினான். ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இப்பக்கூட ஏறுது பாரு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். அதுதான் அவளை நடுங்க வைத்தது.

அவன் வேலைக்குப் போன பிறகும் அவள் சாப்பாட்டு மேசையைவிட்டு எழவில்லை. எழுந்தால் எழுந்தது பதியும், உட்கார்ந்தால் உட்கார்ந்தது பதியும். மூச்சைக்கூட அளந்து விட வேண்டும் போலிருந்தது. கொல்லைப்புறக் கதவில் நிழல் தட்டியது. ருக்குமணி நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. வா என்று கையால் கூப்பிட்டாள்.

துவைக்கிற கல் வரைக்கும் கூட்டிப்போய் அதில் உட்காரச் சொன்னாள். தான் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இது வரைக்கும் எட்டாது" என்றாள். "தண்ணித் தொட்டி நடுவுல இருக்குதல்லோ. இந்தக் கல்லுக்கு வந்தா ஆளு வெளிய போயிட்டதாப் பொட்டி நெனச்சுக்கும். கண்டுபுடிக்க எனக்கு ஒரு வருசம் ஆச்சு."

சுடர்விழி அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கு ரத்தக் கொதிப்புன்னு சொல்லித்தான் உன்ற மாமனாரு அதை வாங்குனாரு. நல்லதுதானேன்னு நானும் இருந்தேன். அப்புறம் எங்க நின்னே, ஏன் நின்னே, எந்திரிச்சு ஏன் கதவுகிட்டப் போனே. தபால்காரன்கிட்டப் பேசுனா ஏன் மூச்சு மாறுது. அறுவது வயசுல என்னைப் பாத்துக் கேக்கறாரு. அவரு போனப்புறம் விட்டுதுன்னு நெனச்சேன். பொட்டி எழுதறதெல்லாம் வர்ற அப்பன் செல்போனு மவன் கைக்குப் போச்சு."

"நீங்கதான அட்மின். உங்களையும் விருந்தாளியா மாத்தியிருக்கலாமே அத்தை."

"மாத்துனா ஏன்னு கேப்பான். கேட்டா எனக்கு நெஞ்சு அடிக்கும். அதையும் பாப்பான்." ருக்குமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "விருந்தாளியோட ஒடம்பை எழுதி வெக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்குதல்லோ. ஆரோ வந்திருக்காங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். இந்த ஊட்டுக்குள்ள உன்னை மட்டுந்தான் அவனால பாக்க முடியாம இருந்துது."

"அதுக்காகத்தான் போட்டீங்களா?"

ருக்குமணி கல்லின் ஓரத்தைக் கையால் தடவினாள்.

"இல்ல கண்ணு. பொய் எதுக்கு. வந்த அன்னிக்கு எனக்கு உன்னைப் புடிக்கல. உங்க சனத்துப் புள்ள என்ற ஊட்டுக் கதவுல பேரோட வரோணுமான்னு இருந்துது. அந்தக் கோவத்துலதான் போட்டேன். நிரந்தரம்னு போட்டதும் நாந்தான். அப்புறம் நீ மாடியில உக்காந்து உங்கம்மாகூடச் சிரிச்சுப் பேசுவ. அப்படி ஒருத்தி சிரிச்சு இந்த ஊட்டுல நான் கேட்டதே இல்ல. கோவம் என்னைக்குப் போச்சுன்னு தெரியல. அவன் தெனமும் வந்து சேத்துங்கம்மா, சேத்துங்கம்மாம்பான். அவன் அப்படிக் கேக்கக் கேக்க எனக்குப் பயமாப் போச்சு. சேத்தியாச்சு, பொட்டி எடுக்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டு இருந்தேன்."

சுடர்விழி கல்லிலிருந்து எழுந்தாள். இதுவும் ஒரு தந்திரமோ என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. பாஸ்வேர்டு கை மாறிப்போன பிறகு நல்லவள் வேடம் போடுகிறாளோ? மறுநாள் அலுவலகத்தில் பெனாசிரிடம் கேட்டாள்.

"உங்க அத்தை சொல்றது சரிதான்" என்றாள் பெனாசிர். "விருந்தாளியைப் பதிஞ்சா கம்பெனிக்காரனுக்கு அபராதம்."

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

"உன்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளினது யாருன்னுதான் கேட்ட. அவங்க உன்னைப் பாக்க முடியுமான்னு நீ கேக்கவே இல்லையே." அவள் முகம் வாடியது. "நானும் யோசிக்கல. நான் எப்பவும் உள்ள இருக்கறவங்க பக்கத்திலிருந்தே பாத்துப் பழகிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் சுடர்விழி அட்மின் பக்கத்தைத் திறந்து தான் வைத்த பாஸ்வேர்டைத் தட்டினாள். தவறு என்று வந்தது. நிதானமாக மறுபடி தட்டினாள். தவறு. தரணீஷிடம் கேட்டாள்.

"நான் அன்னிக்கே மாத்திட்டேன். ரெண்டு பேரு கையில இருந்தா பாதுகாப்பு இல்ல."

"எனக்குச் சொல்லு."

"உனக்கு எதுக்கு?" என்றான். உண்மையாகவே புரியாத முகத்தோடு கேட்டான்.

அவள் வாதாடவில்லை. வாதாடினால் கோடு ஏறும்.

மறுநாள் அவன் போன பிறகு மாமியாரும் மருமகளும் சேர்ந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெட்டியின் முதுகில் குண்டூசித் தலையளவு ஒரு துளை இருக்கும், அதற்குள் அழுத்திப் பிடித்தால் பெட்டி பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும், பழகின ஆள் பெயர் எல்லாம் மறந்துவிடும், ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு மறுபடி செல்லும் என்று பெனாசிர் சொல்லியிருந்தாள். ருக்குமணி கழுத்தில் கை வைத்துத் துழாவினாள். கணவர் போன பிறகும் ஊக்கு கோக்கிற பழக்கம் போகவில்லை, தாலிச்சரடு இல்லாததால் கழுத்துச் சங்கிலியில் ஒன்று தொங்கியது. அதைக் கழற்றிக் கொடுத்தாள்.

சுடர்விழி அழுத்தினாள். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூடத்து மின்விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல்கூட அடங்கியது போலிருந்தது. அத்தனை நாளும் அந்த வீடு எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தூக்கிக் கடாசிரலாமா?" என்றாள் ருக்குமணி.

"கதவு திறக்காதுங்க அத்தை. அடுப்பும் எரியாது. எல்லாத்தையும் இதுலதான் கட்டி வெச்சிருக்காங்க."

விளக்குகள் திரும்ப வந்தன. பெட்டி புதிதாய்ப் பிறந்த குழந்தையைப் போல விழித்தது. ஸ்டிக்கர் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, சுடர்விழி முதல் வேலையாகப் புது அட்மின் பாஸ்வேர்டு வைத்தாள். இந்த வீட்டில் யார் யார் என்று திரை கேட்டது.

"எல்லாத்தையும் விருந்தாளின்னு போட்டுரு" என்றாள் ருக்குமணி. அவள் குரலில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. சுடர்விழி அதை இதற்கு முன் கேட்டதில்லை.

சுடர்விழி, விருந்தாளி. ருக்குமணி, விருந்தாளி. இனி உள்ளே இருப்பவர் கதவைத் திறந்துவிட வேண்டும், விளக்கையும் அடுப்பையும் பொத்தானை அழுத்திப் போட வேண்டும், அவ்வளவுதான். அத்தை பாஸ்வேர்டு என்னவென்று கேட்பாள் என்று சுடர்விழி எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

மூன்றாவதாகத் தரணீஷின் பெயரை எழுதினாள். விரல் நின்றது.

"என்ன கண்ணு?"

"அவரும் ஒரு ஊசியை எடுத்து இதையே செய்யலாமில்லீங்களா அத்தை. நாம தூங்கறப்ப வந்து அழுத்திட்டா? மறுபடி நம்மளை உள்ள போட்டுட்டா?"

"செய்யலாம்."

"அவரு இந்த அறைப் பக்கம் வந்தா எனக்குத் தெரியணும்." அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "ஒரு வாரத்துக்கு மட்டும். பழைய புத்தி போயிடுச்சான்னு தெரிஞ்சதும் எடுத்துடறேன்."

தரணீஷ், குடும்பம். கம்பெனிக் கணக்கிலிருந்து அவன் பழைய நடை நொடியில் வந்து சேர்ந்தது.

ருக்குமணி முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

"உன்ற மாமனாரும் ஒரு வாரம்னுதான் சொன்னாரு."

அரிசி களையப் போய்விட்டாள்.

சாயங்காலம் தரணீஷ் வந்ததும் சுடர்விழி மறைக்காமல் சொன்னாள். பெட்டியை அழித்ததை, தாங்கள் இருவரும் விருந்தாளிகள் ஆனதை, இனி தங்கள் உடம்பை அது எழுதாது என்பதை. அவனை எப்படிப் பதிந்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் கத்தவில்லை. பையைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தான். அம்மாவைத் தேடிச் சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கே குக்கரைத் திறக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"நான் தப்பா எதுவும் நெனைக்கல சுடர்" என்றான். "அப்பா இருந்தப்ப வீட்டுல எல்லாரும் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். எனக்கும் அப்படியே ஆயிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பயந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியல."

"தெரியலயா? கோடு ஏறினதைக் காட்டினியே."

"காட்டினேன்." அவன் கண்ணை மூடித் திறந்தான். "அது தப்புத்தான். இனிமே பாக்க மாட்டேன். பெட்டி பக்கமே போக மாட்டேன்."

கல்யாணத்துக்கு முன்னால், எதிர்ப்புக்கெல்லாம் நடுவில், நான் இருக்கேன் என்று இதே குரலில்தான் அவளிடம் சொன்னான். அப்போது அவன் கண்ணைப் பார்த்து நம்பினாள். அந்தக் கண்தான் இப்போதும் எதிரில் இருந்தது, கொஞ்சம் கலங்கியும் இருந்தது.

"நிஜமாவா?" என்று கேட்டாள்.

"நிஜமா."

சுடர்விழி மடியிலிருந்த செல்போனைப் பார்த்தாள். அவன் நெஞ்சுத் துடிப்பு எழுபத்திரண்டு என்று காட்டியது. அவன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். எண் மாறவில்லை. அது ஏறுவதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.